வெயில் நாளில் மட்டும் பறக்கும் பிரைவேட் பைலட்டுக்கு இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி எதற்கு?

உங்களிடம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. மதுரையிலிருந்து செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் பாம்பன் வரை போய்த் திரும்புவதுதான் ஆசை, மேகத்துக்குள் நுழையும் எண்ணமே இல்லை, அப்படியிருக்க வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரேட்டிங் இல்லாமலும் காலம் தள்ளலாம். பயிற்சி இல்லாமல் முடியாது. நம் கடற்கரையைத் தெரிந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மேகத்துக்குள் போகாவிட்டால் அடிவானம் மறையாது என்பது கடற்கரை தெரியாதவர் நினைப்பு. மானாமதுரை, பரமக்குடி வரை வைகையும் ரயில் பாதையும் கண்மாய்க்கரைகளும் கூடவே வரும். மண்டபம் தாண்டினால் இரண்டு பக்கமும் தண்ணீர். வாடை ஓய்ந்து கச்சான் காற்று பிடிப்பதற்கு முந்திய மாதங்களில் பாக் விரிகுடா அலையில்லாமல் கிடக்கும், மேலே வெள்ளை மூட்டம். பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருந்த என் மாமா, "கடலும் வானமும் ஒண்ணாக் கெடக்கு" என்பார். படகு அப்போதும் மிதக்கும். விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

விதியைப் பாருங்கள். 10,000 அடிக்குக் கீழே 5 கி.மீ. பார்வைத் தூரம் இருந்து, மேகத்தை விட்டு விலகியிருந்தால் கண்ணால் பார்த்துப் பறக்கலாம். தரைக்கு மேல் அது போதும். 3,000 அடி உயரத்தில் உண்மையான அடிவானம் 100 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. நடுக்கடலில் 5 கி.மீ. தூரத்துக்குள் கண்ணுக்கு என்ன கிடைக்கும்? விதியை மீறாமலே குருடாகிவிடலாம்.

அப்புறம் காது தன் வேலையைக் காட்டும். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களின் திரவம் திருப்பத்தின் தொடக்கத்தைத்தான் உணர்த்தும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் இருபது வினாடி போல ஆனதும் நேராகப் பறப்பதாகவே தோன்றும். இறக்கை சாய்ந்திருப்பதால் மூக்கு தாழும், வேகம் கூடும். உயரம் குறைவதைப் பார்த்துப் பைலட் மூக்கைத் தூக்கக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். சரியான வரிசை வேறு: த்ராட்டிலை (எஞ்சின் விசையை) குறை, இறக்கையை மட்டமாக்கு, அதற்குப் பிறகு மெதுவாக மூக்கைத் தூக்கு. படிக்கும்போது எளிது. காது எதிர்ப்பக்கம் சத்தியம் செய்யும்போது கை கேட்காது.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 1954-இல் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டவிட்டது. அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடிகளில். இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. கருவியைப் பார்த்துத் திரும்பி வரச் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய எல்லாராலும் முடிந்தது. வினாடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால் வந்த வழியே திரும்ப 60 வினாடி போதும். உங்களுக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான்.

1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் தானே ஓட்டிய விமானம் விழுந்து இறந்ததும் மேகத்தில் அல்ல. இரவு, மூட்டம், கீழே கடல். அவரிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை.

பயிற்சியில் தலையில் ஹூட் மாட்டிவிடுவார்கள், கருவிப் பலகை மட்டும்தான் தெரியும். விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியிலேயே கண்ணை நட்டுவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லாரும் செய்வது. 1978 ஜனவரி 1 இரவு மும்பையில் கிளம்பிய ஏர் இந்தியா 747 கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். கேப்டன் பக்கத்து அடிவானக் கருவி வலப்பக்கச் சாய்வைப் பொய்யாகக் காட்ட, அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். அனுபவசாலி, ஆனாலும் ஒற்றைக் கருவியை நம்பினார். பழைய 172-களில் அடிவானக் கருவியும் திசைக் கருவியும் காற்றை உறிஞ்சும் ஒரே வாக்குவம் பம்பில் ஓடும், திருப்பம் காட்டும் கருவி மின்சாரத்தில் ஓடும். பம்ப் செத்தால் எதை நம்புவது என்பது அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. முதல் இரண்டையும் மூடிவைத்து ஓட்டும் பாடத்தை எந்தப் பயிற்சியாளராவது அவசரமாக முடித்தால் விடாதீர்கள்.

ரேட்டிங் என்றால் 50 மணி நேரம் பொறுப்புப் பைலட்டாக ஊர் விட்டு ஊர் பறந்திருக்க வேண்டும், 40 மணி நேரக் கருவி நேரம் வேண்டும், அதில் 20 வரை சிமுலேட்டரில் கழிக்கலாம். பிறகு வருடா வருடம் சோதனை. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பறப்பவர் அந்தத் திறனைத் தேயாமல் வைத்திருப்பது கஷ்டம். தேய்ந்த ரேட்டிங் தரும் தைரியம் ரேட்டிங் இல்லாத பயத்தைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம்.

ஐப்பசி, கார்த்திகையில் ரேட்டிங் இருந்தாலும் 172-ஐ வெளியே எடுக்க மாட்டேன். வெளிநாட்டுப் புத்தகங்கள் இறக்கையில் பனி பிடிப்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும். இங்கே உறைநிலை மட்டம் சுமார் 16,000 அடி, உங்கள் 172 அங்கே ஏறவே ஏறாது. நம் ஆபத்து, அடுக்கு மேகத்துக்குள் ஒளிந்திருக்கும் இடிமேகம். ரேடார் இல்லாத சின்ன விமானத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பழைய 172-களில் பனி பிடிக்கும் ஒரே இடம் கார்புரேட்டர். ஈரக் கடல்காற்றில் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது 25 டிகிரி வெப்பத்திலும் பிடிக்கும்.

இன்னொன்று, பாம்பன் போகும் வழியில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் அந்தப் பக்கம் போக முடியும். போனபின் சொன்ன திசையிலும் உயரத்திலும் பிசகாமல் பறந்துகொண்டே ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும். ஹூட்டுக்குள் பழகியவருக்கு அது சாதாரண வேலை. ஆகவே பாம்பன் பயணத்துக்கு முன்பே பயிற்சியாளரோடு சில மணி நேரம் ஹூட் போட்டுவிடுங்கள். முதல் தடவை கடல் மேல் போகும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.