இலவசமாய் வந்த காவல்காரன்

கேள்வி: இணைய இணைப்புத் தந்த நிறுவனம் இலவசமாய்க் கொடுத்த வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்ட நாளிலிருந்து மகளின் மடிக்கணினி ஊர்கிறது. வைஃபை பிரின்டரும் வேலை செய்யவில்லை. நீக்கிவிடலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தாராளமாய் நீக்கலாம் அக்கா. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு ஏற்கனவே இருக்கிறது. வேறொன்று வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். வந்ததை நீக்கினால் தானாகவே திரும்பிவிடும். நல்லூரில் என் மாமியின் கணினியில் கடைக்காரர் போட்டது ஒன்று, இணைப்போடு வந்தது ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்து, ஒரு கோப்பு திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்! செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்கி, கணினியை மறுபடி தொடக்குங்கள். பிரின்டரை மறித்தது அந்த மென்பொருளின் ஃபயர்வாலாக, அதாவது கணினிக்கு வந்துபோகும் இணைப்புகளை வடிகட்டும் பகுதியாக இருக்கலாம். அப்புறம், மாதப் பில்லையும் ஒருமுறை பாருங்கள். மாமிக்கு அந்த இலவசம் மூன்றாம் மாதமே கட்டணமாகியிருந்தது.