கேள்வி–பதில்: பிரிண்ட்எஃப் போட்ட வரி எங்கே போனது?

கேள்வி: சென்சார் அளவை வினாடிக்கு ஒரு வரி வீதம் அச்சிடும் நிரலை சி-யில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஓட்டினால் ஒழுங்காக வரி வரியாக வருகிறது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் கோப்பு நெடுநேரம் காலியாகவே கிடக்கிறது, பிறகு மொத்தமாக வந்து விழுகிறது. கடைசி வரி பாதியில் அறுந்தும் இருக்கிறது. நிரலில் என்ன பிழை?

பதில்: பிழை எதுவும் இல்லை. பிரிண்ட்எஃப் நேரே கோப்பில் எழுதுவதில்லை. வடிவமைத்த எழுத்துகளை எஸ்டிடிஅவுட்டின் (நிரலின் வழக்கமான வெளியீட்டு வழி) பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், சேர்த்து வைக்கிறது; பஃபரைக் காலி செய்யும்போதுதான் ‘ரைட்’ சிஸ்டம் கால், அதாவது எழுதச் சொல்லும் கோரிக்கை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் போகிறது.

எப்போது காலி செய்வது என்பதற்கு மூன்று முறைகள் உண்டு: பஃபர் நிரம்பும்போது, வரி முடியும்போது, பஃபரே வைக்காமல் உடனுக்குடன். லினக்ஸில் சி லைப்ரரியான ஜிலிப்சி, எஸ்டிடிஅவுட்டில் முதல் தடவை எழுதும்போது மறுமுனையில் இருப்பது என்ன என்று பார்க்கிறது. டெர்மினல் என்றால் வரிக்கு வரி. கோப்போ பைப்போ (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பு) என்றால் நிரம்பிய பிறகுதான். பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர்ருக்கு மட்டும் எங்கே போனாலும் காத்திருப்பு இல்லை.

கோப்புக்கான பஃபரின் அளவு அந்தக் கோப்பு முறைமை சொல்லும் பிளாக் அளவு. சாதாரணமாக 4,096 பைட். உங்கள் வரி 20 பைட் என்று வைத்துக்கொண்டால் 204 வரிகள் முழுசாக அடங்கும், 205-ஆவது வரியில் 16 எழுத்துக்கே இடம் இருக்கும். ஆக முதல் மூன்றரை நிமிடம் வரை கோப்பில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது 205-ஆவது வரி அறுந்து நிற்கும். கோப்பின் அளவு சரியாக 4,096, 8,192 என்று தாவித் தாவி ஏறினால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம்.

ஏன் இப்படி வைத்தார்கள்? வரிமுடிவோடு சேர்த்து 6 பைட் வரும் வரிகளை ஒரு லட்சம் தடவை அச்சிட்டு, சிஸ்டம் கால்களைக் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ போட்டுப் பாருங்கள். கோப்புக்கு அனுப்பினால் 147 ‘ரைட்’ அழைப்புகள். டெர்மினலுக்கு என்றால் வரிக்கு ஒன்றாக ஒரு லட்சம். பஃபரையே எடுத்துவிடலாமே என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

உங்களுக்குத் தேவை வரி பஃபர் மட்டும், அதாவது வரிக்கு வரி காலி செய்வது. மெயினின் முதல் வரியிலேயே, எதையும் அச்சிடுவதற்கு முன், செட்விபஃப்(எஸ்டிடிஅவுட், நல், _ஐஓஎல்பிஎஃப், 0) என்று அழைத்துவிடுங்கள். நல் என்ற இடத்தில் சொந்த அரேயைப் பஃபராகக் கொடுக்க நினைத்தால் அதை ஸ்டாட்டிக்காக அறிவியுங்கள். மெயினுக்குள் சாதாரண லோக்கல் அரேயாக இருந்தால், மெயின் முடிந்து அது மறைந்த பிறகுதான் லைப்ரரி கடைசியாக ஃபிளஷ் செய்ய (பஃபரைக் காலி செய்ய) வரும், குப்பை அச்சாகும்.

அடுத்தவர் எழுதிய நிரல் என்றால் கட்டளைக்கு முன்னால் ‘எஸ்டிடிபஃப்’ சேர்த்து, சிறிய ‘ஓ’, பெரிய ‘எல்’ சுவிட்சைக் கொடுங்கள். லைப்ரரியைத் தனக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த நிரலிலும், செட்விபஃபைத் தானே அழைக்கும் நிரலிலும் இது பலிக்காது. பைத்தானிலும் பலிக்காது, அதற்குச் சொந்த பஃபர். அங்கே சிறிய ‘யு’ சுவிட்ச். பல கட்டளைகளைப் பைப்பில் கோத்திருந்தால் நடுவில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பஃபர் என்பதையும் மறக்க வேண்டாம். நடுவில் வரிகளைத் தேடும் ‘கிரெப்’ இருந்தால் அதற்கென்றே ‘லைன்-பஃபர்டு’ ஆப்ஷன் இருக்கிறது.

கேள்வி: நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தவறான நினைவக அணுகல்) விழுகிறது. இடையிடையே பிரிண்ட்எஃப் போட்டுத் தேடினேன். லாக் கோப்பில் கடைசியாக வந்த வரிக்கு அடுத்த இடத்தில் தவறே தெரியவில்லை.

பதில்: தவறான இடத்தில் தேடுகிறீர்கள். ‘எக்ஸிட்’ வழியாகவோ மெயினிலிருந்து திரும்பியோ முடிந்தால்தான் பஃபர் ஃபிளஷ் ஆகும். இப்படி இயங்குதளம் அனுப்பும் சிக்னலில் செத்தால் பஃபரில் இருந்தது அதோடு போயிற்று. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினாலும் அப்படித்தான். நிரல் நீங்கள் நினைத்ததைவிட வெகுதூரம் ஓடியிருக்கலாம். தேடுவதற்கான செய்திகளை எஃப்பிரிண்ட்எஃப் மூலம் எஸ்டிடிஎர்ருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஓடும் நிரலை நகலெடுத்து இரண்டாக்கும் ஃபோர்க்குக்கு முன்னால் ஒரே ஒரு பிரிண்ட்எஃப். திரையில் ஒரு தடவை வருகிறது, கோப்பில் இரண்டு தடவை!

பதில்: ஃபோர்க், பஃபரையும் சேர்த்தே நகலெடுக்கிறது. கோப்பு என்பதால் அந்த வரி இன்னும் பஃபரில் இருந்தது. பெற்றோரும் பிள்ளையும் முடியும்போது ஆளுக்கொரு தடவை எழுதிவிட்டார்கள். ஃபோர்க்குக்கு முன் எஃப்ஃப்ளஷ்(நல்) போடுங்கள், திறந்திருக்கும் எல்லா வெளியீடுகளும் காலியாகும்.

கேள்வி: ஸ்கேன்எஃபில் ‘%டி’ வைத்து எண் வாங்கிய பிறகு ‘%சி’ வைத்து எழுத்து கேட்டால், கேட்காமலே தாண்டிப் போகிறது. எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்) போடச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. உள்ளீட்டுக்கு எஃப்ஃப்ளஷ் என்ன செய்யும் என்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. ஒரு கம்பைலரில் பலித்தது இன்னொன்றில் பலிக்காது. இன்னமும் பாடக் குறிப்புகளில் இது உலவுவது வருத்தம்தான்.

நீங்கள் 25 அடித்து என்டர் தட்டினால் பஃபரில் மூன்று எழுத்துகள் சேரும். ‘%டி’ 2, 5 இரண்டையும் எடுத்துக்கொண்டு வரிமுடிவை விட்டுவிடும். ‘%சி’ வெற்றிடத்தைத் தாண்டாது. அந்த வரிமுடிவையே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ‘%சி’க்கு முன் ஓர் இடைவெளி விட்டால் போதும்.

அதைவிடப் பெரிய தொல்லை, எண் கேட்ட இடத்தில் யாராவது ‘பத்து’ என்று அடிப்பது. ஸ்கேன்எஃப் 0 திருப்பும், எழுத்துகள் பஃபரிலேயே நிற்கும். லூப்பில் இருந்தால் முடிவில்லாமல் சுற்றும். எஃப்கெட்ஸில் முழு வரியை வாங்கி, எஸ்ஸ்கேன்எஃபில் பிரித்து, அது திருப்பும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். இரண்டு வரி கூடுதல்தான்.

கேள்வி: எஃப்பிரிண்ட்எஃப் ஒவ்வொன்றும் என்ன திருப்புகிறது என்று சோதிக்கிறேன், எல்லாம் சரி. ஆனாலும் டிஸ்க் நிரம்பியபோது அறிக்கையின் கடைசிப் பகுதி காணாமல் போனது.

பதில்: எஃப்பிரிண்ட்எஃப் வெற்றி என்று சொல்வது பஃபரில் போட்டதற்கு. டிஸ்க்கில் இடமில்லை என்ற சேதி ஃபிளஷ் ஆகும்போதுதான் வரும்; கடைசித் துண்டுக்கு அது எஃப்க்ளோஸில் வரும். அதைத்தான் யாரும் சோதிப்பதில்லை. எஃப்க்ளோஸ் பூஜ்யம் திருப்பாவிட்டால் அறிக்கை தோல்வி என்றே வைத்து, பழைய கோப்பை அழிக்காமல் நிறுத்துங்கள். ஒத்திகை பார்க்க டிஸ்க்கை நிரப்ப வேண்டியதில்லை: லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்ற கோப்பைத் திறந்து எழுதினால் ஒவ்வொரு ‘ரைட்’டும் இடமில்லை என்றே திரும்பும்.

மின்சாரம் போனாலும் நிலைக்க வேண்டிய தரவு என்றால் எஃப்ஃப்ளஷும் போதாது. அது கெர்னல் வரைதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குப் பிறகு டிஸ்க்கிலேயே எழுதவைக்கும் எஃப்சிங்க் அழைத்து, அது திருப்புவதையும் பார்த்துவிட்டு மூடுங்கள். வரிக்கு ஒரு எஃப்சிங்க் போட்டால் நிரல் நத்தையாகிவிடும். ஒரு பதிவுத் தொகுதிக்கு ஒன்று போதும்.