மூன்றே வாரத்தில் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மூட்டு மாற்று அறுவைக்குப் பின் அம்மாவின் கெண்டைக்கால் வீங்கி, டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரை ரத்தக்கட்டி, அதாவது காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது, தெரிந்தது. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்ஸபன் மாத்திரையை நிறுத்தலாமா, தைலம் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாங்க.

அந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கரைப்பது உடம்பு, அதுவும் மெதுவாக. அதனால் பொதுவாக 3 மாதமாவது கொடுப்பார்கள். வழக்கமாக முதல் 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, அப்புறம் 20 மி.கி. ஒரே வேளை, சாப்பாட்டோடு. இந்த மாற்றத்தில்தான் குழப்பமே. என் அப்பாவும் 22ஆம் நாள் காலி அட்டையைக் காட்டி ‘கோர்ஸ் முடிஞ்சுது’ என்றார்! சீட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். சந்தேகமென்றால் டாக்டரிடமே கேளுங்கள்.

தைலம் தேய்த்துக் காலை உருவிவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நடப்பது நல்லது. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக்கை நீங்களாக வாங்கித் தராதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மலம் கறுத்துப் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.