முதல் பைக் பில்டு: கஃபே ரேசரா, பாபரா, ஸ்கிராம்ப்ளரா?

நண்பரே, உங்களிடம் இருப்பது 2014 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. பட்ஜெட் அறுபதாயிரம், தினமும் அதிலேயே ஆபீஸ், ஞாயிறு மனைவியோடு வெளியே போக வேண்டும். வண்டியை உங்கள் ரசனைக்கு மாற்றிக் கட்ட (அதுதான் பில்டு) எந்த ஸ்டைல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் பாபர், அதாவது தேவையில்லாததைக் கழற்றி, மட்கார்டைக் குறைத்து, ஒற்றைச் சீட்டோடு நிற்கும் ஸ்டைல். பழைய ரேஸ் பைக் பாணியில் குனிந்து ஓட்டும் கஃபே ரேசர் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளினால் நகர டிராஃபிக்கில் மணிக்கட்டும் முதுகும் ஒரு வாரத்தில் கெஞ்சும். பின்பக்க ஃபிரேமையும் வெட்டவேண்டி வரும். முதல் பில்டில் அதைத் தொடவே வேண்டாம். மண் பாதையிலும் ஓட்டுகிற மாதிரி கட்டும் ஸ்கிராம்ப்ளருக்கு இந்த வண்டி கனம், 190 கிலோ பக்கம் வரும்.

கிளாசிக்கில் பின்சீட் தனியாக போல்ட் போட்டிருப்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். வார நாளில் கழற்றினால் ஒற்றைச் சீட் பாபர். ஞாயிறு பத்து நிமிடத்தில் மாட்டிக்கொள்ளலாம். சீட், ஹேண்டில்பார், பெயிண்ட், இவ்வளவே போதும், உருவமே மாறிவிடும். மட்கார்டை வெட்ட ஆசைப்பட்டால் பழைய ஒன்றை வாங்கி வெட்டுங்கள். ஒரிஜினல் பாகம் ஒன்றையும் விற்றுவிடாதீர்கள்.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்சி விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. ஃபிரேம், இன்ஜின் பக்கம் போகாதீர்கள். நிறத்தை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்றுங்கள். சைலன்சர் சத்தமும் வேண்டாம், தெருவில் கைக்குழந்தைகள் தூங்கும்.

பெயிண்டுக்கு முன் பிரேக், டயர், வயரிங் மூன்றையும் பாருங்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டி, பட்ஜெட்டில் பாதி அங்கேயே போகலாம். போகட்டும்.