சீனாவின் இணைய கம்பெனியான டென்சென்ட் வெறும் காப்பி அடித்தே இவ்வளவு பெரிய கம்பெனி ஆனதா?

காப்பி அடித்தது உண்மைதான், அதில் சந்தேகமே வேண்டாம். 1998 நவம்பரில் மா ஹுவாடெங் (போனி மா என்று சொன்னால் பலருக்குத் தெரியும்) நான்கு கூட்டாளிகளோடு ஷென்செனில் டென்சென்ட்டைத் தொடங்கினார். அடுத்த பிப்ரவரியில் வெளியிட்ட அரட்டை மென்பொருளின் பெயரே ஓஐசிக்யூ. இஸ்ரேல்காரர்கள் செய்த ஐசிக்யூ-வின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். அப்போது ஐசிக்யூ-வை வாங்கி வைத்திருந்த ஏஓஎல் சும்மா விடுமா? நடுவர் மன்றத்தில் புகார் போட்டு இணைய முகவரியைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கப்புறம்தான் க்யூக்யூ என்று பெயர் மாறியது.

ஆனால் அன்றைக்குச் சீனாவில் ஐசிக்யூ-வைக் காப்பி அடித்தவர்கள் இன்னும் பலர். டென்சென்ட் மட்டும் ஏன் நிலைத்தது? அங்கே பெரும்பாலோரிடம் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது, நெட் சென்டர்தான். ஐசிக்யூ-வில் நண்பர் பட்டியல் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், நாளைக்கு வேறு சீட்டில் உட்கார்ந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். டென்சென்ட் அந்தப் பட்டியலை சர்வரில் வைத்தது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் கூட்டம் அங்கேதான் சேர்ந்தது.

கூட்டம் சேர்ந்ததே தலைவலியும் ஆனது. சர்வர் செலவு ஏறிக்கொண்டே போக, வருமானம் என்று ஒன்றும் இல்லை. மென்பொருளையே விற்றுவிடப் பார்த்தார்கள், கேட்ட விலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 2000-இல் அமெரிக்க முதலீட்டு கம்பெனியான ஐடிஜி-யும் ஹாங்காங்கின் தொலைத்தொடர்பு கம்பெனியான பிசிசிடபிள்யூ-வும் சேர்ந்து 22 லட்சம் டாலர் போட்டு 40 சதவீதப் பங்கை எடுத்தன. அதுதான் மூச்சுவிட நேரம் கொடுத்தது.

என்னைக் கேட்டால் டென்சென்ட்டின் உண்மையான திறமை சில்லறை வசூலில் இருக்கிறது. கிரெடிட் கார்டே இல்லாத, கையில் அதிகக் காசும் இல்லாத பையன்களிடம் எப்படிப் பணம் வாங்குவது? முதலில் சைனா மொபைலோடு சேர்ந்து க்யூக்யூ-வை எஸ்எம்எஸ்-ஸில் கொண்டுவந்தார்கள், கட்டணம் போன் கணக்கிலேயே கழிந்துவிடும். 2001-லேயே லாபம் வந்துவிட்டது. அப்புறம் 2003-இல் க்யூக்யூ ஷோ: திரையில் இருக்கும் உங்கள் பொம்மைக்குச் சட்டை, தொப்பி, கண்ணாடி எல்லாம் காசு கொடுத்து வாங்கலாம் (இந்த யோசனையும் கொரியாவில் இருந்து எடுத்ததுதான்!). இதையெல்லாம் வாங்க, ஒரு யுவானுக்கு (சீனப் பணம்) ஒன்று என்ற கணக்கில் க்யூ காயின் விற்றார்கள். வெளியே ஆட்கள் அதையே பணம் மாதிரி கைமாற்றத் தொடங்க, 2007-இல் சீன அரசு குறுக்கிட்டுக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. விளம்பரத்தை நம்பியே பல இணைய கம்பெனிகள் ஓடிய காலத்தில் இவர்கள் இப்படிச் சம்பாதித்தார்கள். பின்னாளில் கேம்களில் உடை, ஆயுதம் விற்றதும் இதே கணக்குதான். 2011-இல் அமெரிக்க கேம் கம்பெனியான ரியட் கேம்ஸில் பெரும்பங்கை வாங்கியதையும் அந்த வரிசையிலேயே பார்க்கிறேன்.

டென்சென்ட்டின் மெசேஜ் செயலியான வீசாட்டின் கதை பலருக்குத் தெரியும். குவாங்சோவில் மின்னஞ்சல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆலன் ஜாங்கின் குழு 2011 ஜனவரியில் வெளியிட்டது, க்யூக்யூ-வின் பிழைப்பிலேயே கைவைக்கும் என்று தெரிந்தும் மா அனுமதித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது 2014 சீனப் புத்தாண்டு. சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை வீசாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், அதுவும் குரூப்பில் யாருக்கு எவ்வளவு விழும் என்று தெரியாத குலுக்கல் மாதிரி. விழுந்த காசை வெளியே எடுக்க வங்கிக் கணக்கை இணைக்க வேண்டும், மக்கள் சிரித்துக்கொண்டே இணைத்தார்கள். போட்டிப் பணச் செயலியான அலிபேயை வைத்திருந்த ஜாக் மா இதைப் பேர்ல் ஹார்பர் தாக்குதலோடு ஒப்பிட்டார் என்றால் எவ்வளவு அடி விழுந்திருக்கும் பாருங்கள்.

இந்த வளர்ச்சியில் அதிகம் சம்பாதித்த வெளியாள் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ், பத்திரிகை கம்பெனியாகத் தொடங்கியது. 2001-இல் ஏறத்தாழ 3.2 கோடி டாலருக்கு 46.5 சதவீதம் வாங்கியது. 2018-இல் வெறும் 2 சதவீதத்தை விற்றே சுமார் 980 கோடி டாலர் பார்த்தது. உணவு டெலிவரி உள்ளிட்ட தொழில்களில் போடப்போவதாகச் சொல்லித்தான் விற்றார்கள், அந்த ஆண்டு டிசம்பரிலேயே நம் ஸ்விக்கியில் 100 கோடி டாலர் முதலீட்டுச் சுற்றுக்குத் தலைமை தாங்கியதும் அவர்களே.