கேம்கார்டர் வீடியோவைக் கணினியில் ஏற்ற எந்தக் கேபிள்?

கேள்வி: என்னுடையது சோனி மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் கேசட்டில் பதிவது) கேம்கார்டர். யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் புகைப்படங்கள் மட்டும்தான் வருகின்றன. கேபிள் கோளாறா?

பதில்: கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. பல மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பியை வைத்ததே மெமரி கார்டில் உள்ள படங்களுக்காக. சிலவற்றில் வீடியோவும் வரும், ஆனால் தரம் ரொம்பக் குறைவு. கேசட்டில் இருப்பதை இம்மியும் குறையாமல் எடுக்க ஃபயர்வயர்தான் வழி, அது யுஎஸ்பி போல இன்னொரு வகை இணைப்பு. சோனி அதற்கு ஐ.லிங்க் என்று பெயர் வைத்திருந்தது. கேமராவில் உள்ள சின்ன மூடிகளைத் திறந்து பாருங்கள், 4 பின் துளை ஒன்று இருக்கும். கணினிப் பக்கம் 4, 6, 9 பின் என்று எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் ஃபயர்வயர் இல்லை. ஃபயர்வயரை யுஎஸ்பியாக மாற்றும் முனை மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். மாட்டினால் பொருந்தும், ஆனால் உள்ளே வெறும் கம்பிதான். ஃபயர்வயரும் யுஎஸ்பியும் தகவலை அனுப்பும் முறையே வேறு, கம்பியை மாற்றிக் கட்டினால் போதாது. டெஸ்க்டாப் இருந்தால் அதில் ஒரு ஃபயர்வயர் கார்டு போடுங்கள். இல்லையென்றால் அந்தத் துளை உள்ள பழைய லேப்டாப்பைத் தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். ஒரு மணி நேர கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும்.

இன்னொன்று, கேமராவை அணைத்துவிட்டே கேபிளைச் செருகுங்கள். 6 பின் முனையில் மின்சாரமும் வரும். தலைகீழாக அழுத்திச் செருகினால் போர்ட் போய்விடும்.

கேள்வி: அப்பாவின் ஹை8 கேமராவில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்தான் இருக்கிறது. கல்யாண கேசட்டுகள் எல்லாம் அதில்தான்.

பதில்: அது அனலாக், டிஜிட்டல் அல்ல. கேபிள் மட்டும் போதாது, அதை டிஜிட்டலாக மாற்றிக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி கேப்சர் கருவி ஒன்று வேண்டும். கேமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் படத்துக்கு மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள், நிறம் தெளிவாக வரும். அதில் ஒலி வராது, ஆகவே வெள்ளையும் சிவப்பும் மாட்டியே இருக்க வேண்டும். பதிவு செய்யும் மென்பொருளில் பால் (PAL, நம் நாட்டு டிவி முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க டிவி முறை) என்று விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரியும்.

யாரிடமாவது சோனி டிஜிட்டல்8 கேமரா இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அவற்றில் பல, ஹை8 கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயர் வழியே தரும். கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் கேம்கார்டரை எச்டிஎம்ஐ கேபிளால் லேப்டாப்பில் இணைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பதில்: பொதுவாக லேப்டாப்பின் எச்டிஎம்ஐ, படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. உங்களுக்கு யுஎஸ்பி போதும், பெரும்பாலும் மினி யுஎஸ்பியாக இருக்கும். வீடியோக்கள் இருக்கும் ஏவிசிஎச்டி (AVCHD) ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். நீளமான காட்சிகள் அதில் பல துண்டுகளாக இருக்கும்.

கேள்வி: விலை கூடிய ஃபயர்வயர் கேபிள் வாங்கினால் படம் நன்றாக வருமா?

பதில்: வராது, டிஜிட்டல் தகவல் அப்படியேதான் வந்து சேரும். நீளம் 4.5 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.