காமினிதோ தெல் ரே: கேளுங்க, சொல்றேன்

ஸ்பெயினில் மலாகா பக்கம் குவாதல்ஓர்சே ஆற்றுப் பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறையோடு ஒட்டி மாட்டிய காமினிதோ தெல் ரே என்ற பலகைப் பாதையில் நடந்துவிட்டு வந்ததிலிருந்து நம் சேலம் நடைக்குழுவில் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். மொத்தமாகப் பதில் இதோ.

ஏற்காடு மலை ஏறிப் பழகிய காலுக்கு இது கஷ்டமா அண்ணா? (அஸ்தம்பட்டி)

இல்லவே இல்லை தம்பி. மொத்தம் 7.7 கி.மீ., அதில் பள்ளத்தாக்குப் பாதை மட்டும் சுமார் 3. வடக்கே அர்தாலெஸில் தொடங்கி தெற்கே எல் சோரோவில் முடியும் ஒருவழி, பெரும்பாலும் இறக்கம், கடைசியில் கொஞ்சம் படி. கிளியூர் அருவிக்கு இறங்கித் திரும்ப ஏறும்போது வாங்குகிற மூச்சு இங்கே வாங்காது. மூன்று, நான்கு மணி நேரம் போதும்.

எனக்கு உயரம்னாலே பயம். வரலாமா? (சூரமங்கலம்)

யோசிச்சு வாங்க அக்கா. ஆறு 100 மீட்டர் கீழே ஓடும், பாதை அகலம் ஒரு மீட்டர்தான். கைப்பிடிக் கம்பி உறுதியானது, பயந்தால் பாறைப் பக்கமே ஒட்டி நடக்கலாம், கண்ணாடித் தரை பால்கனியில் ஏறாமலே போய்விடலாம். ஆனால் கடைசியில் வரும் தொங்குபாலத்தைத் தவிர்க்க முடியாது: தரை முழுக்க இரும்புச் சல்லடை, கீழே அப்படியே தெரியும், காற்றடித்தால் லேசாக ஆடும். ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சேலத்தைப் பார்க்கவே கால் கூசுகிறதென்றால் டிக்கெட் போடாதீர்கள்.

அங்கே போய் ஏன் பாதை போட்டார்கள்?

நீர்மின் நிலையத் தொழிலாளர்கள் போய்வர 1901-05இல் கட்டியது. 1921இல் அணைத் திறப்புக்கு வந்த மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ இதில் நடந்ததால் காமினிதோ தெல் ரே, அதாவது 'ராஜா பாதை' என்று பெயர். அப்புறம் பராமரிப்பில்லாமல் இடிந்தது. 1999, 2000இல் ஆட்கள் விழுந்து இறந்த பிறகு மூடி, புதுப்பித்து 2015இல் திறந்தார்கள். பழைய பாதை இன்னும் புதுப் பலகைக்குக் கீழேயே இருக்கிறது. கான்கிரீட் பெயர்ந்து, சில இடங்களில் வெறும் இரும்புச் சட்டம் மட்டும் நீட்டிக்கொண்டு. எனக்குப் பாலத்தைவிட அதுதான் வயிற்றைக் கலக்கியது.

பையனுக்கு ஆறு வயசு.

விடமாட்டார்கள். எட்டு வயது நிரம்பணும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

டிக்கெட், பஸ் எப்படி? (அம்மாபேட்டை)

இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கலாம் என்கிற நம்மூர்க் கணக்கு வேகாது. திங்கள் விடுமுறை. பலத்த காற்றோ மழையோ என்றால் மூடிவிடுவார்கள், அதனால் மலாகாவில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எல் சோரோ வரை ரயில், அங்கிருந்து வடக்கு முனைக்கு பஸ். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: டிக்கெட்டில் உள்ள நேரம் நுழைவுச் சாவடிக்கு, பஸ் நிறுத்தத்துக்கு அல்ல. இறங்கிய பிறகும் குகைவழியாக ஒன்றரை கி.மீ. நடக்கணும். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பஸ் பிடிப்பது நல்லது.

சாப்பாடு?

பாதையில் கடையும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. தண்ணீரும் புளிசாதமும் சின்னப் பையில் போதும், பெரிய பையும் குடையும் உள்ளே விடமாட்டார்கள். ஹெல்மெட் அவர்களே தருவார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கேயும் நம்மூர் சித்திரை வெயில்தான், ஏப்ரலோ அக்டோபரோ பாருங்கள்.